குமாரைத் திருத்தாத படம்

'புதுப்பேட்டை' வெளியானது 2006 மே 26-ஆம் தேதி. சட்டமன்றத் தேர்தல் முடிந்து புதிய அரசு பதவியேற்று இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. எங்கள் திருப்பூர்ச் சுவர்களில் கட்சிச் சின்னங்களின் சுண்ணாம்பு இன்னும் பளிச்சென்று இருந்த நேரம். கட்சிக்காரர் ஒருவருக்கு ஆள்பலமாக வேலை செய்யும் குமார் என்ற பையன், கடைசியில் தானே நாற்காலி கேட்கிற கதை அப்படிப்பட்ட மாதத்தில் வந்தது. ஆனால் படத்தைப் பற்றி எழுதியவர்களில் பலருக்கு அது பிடிபடவில்லை. நீளம் அதிகம், ரத்தம் அதிகம், மனம் ஒட்டுவதற்கு நல்லவன் என்று ஒருத்தன்கூட இல்லை என்றார்கள். குமாராக தனுஷ் நன்றாக நடித்திருக்கிறார், யுவன் சங்கர் ராஜா நன்றாக இசைத்திருக்கிறார் என்று தனித்தனியாகத் தட்டிக்கொடுத்துவிட்டு, படத்தை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த அரைமனசுப் பாராட்டு எனக்கு உறுத்துகிறது. படத்தில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. குறைகளைப் பிறகு சொல்கிறேன். ஆனால் எதைப் பலவீனம் என்று அன்றைக்கு எழுதினார்களோ, அதுதான் அந்தப் படத்தின் முதுகெலும்பு. இயக்குநர் செல்வராகவன் குமாருக்கு மன்னிப்பு வாங்கித் தரவில்லை. அவனைத் திருத்தவில்லை. தண்டித்து நம் மனதை ஆற்றவும் இல்லை. பசியில் இருக்கும் ஒரு பையனுக்கு முதலில் கிடைத்த வேலை அடியாள் வேலை, அவன் அந்த வேலையைக் கற்றுக்கொண்டான், அதில் உயர்ந்தான். படம் சொல்வது இவ்வளவுதான். இதைச் சரியாகப் புரிந்துகொள்ள திருப்பூர் நல்ல ஊர் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். 2005 ஜனவரியோடு உலக ஜவுளி வர்த்தகத்தில் இருந்த கோட்டா முறை, அதாவது ஏற்றுமதிக்கு வைத்திருந்த வரம்பு, முடிவுக்கு வந்தது. அடுத்த சில வருடங்கள் எங்கள் ஊரில் ஆர்டருக்குக் குறைவில்லை, ஆளுக்குத்தான் குறை. திருப்பூர் அப்போது தனி மாவட்டம்கூட இல்லை, கோவை மாவட்டத்தில்தான் இருந்தது, 2009-இல்தான் பிரிந்தது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கைப் பக்கமிருந்து தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் பாதி. மீதி, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஓடிவந்த பையன்கள். அப்பன் அடித்தான், சித்தி சோறு போடவில்லை, பத்தாவதில் பெயில், இப்படி ஆளுக்கொரு காரணம். ஒரு சட்டைப்பையில் செல்லாத போன் நம்பர், இன்னொன்றில் ஐம்பது ரூபாய்.

அவர்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு டீயும் பன்னும். வாங்கிக் கொடுப்பவர் கான்ட்ராக்டராக இருப்பார், அல்லது அவரிடம் வேலை செய்யும் இன்னொரு பையனாக இருப்பார். அன்று இரவே ராயபுரத்திலோ பிச்சம்பாளையத்திலோ எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒன்பதாவது பாய் விழும். மறுநாள் காலையில் பவர்டேபிளில், அதாவது தையல் மிஷின் வரிசையில், தைப்பவருக்கு உதவியாகக் கைமடிக்க உட்கார வைப்பார்கள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை, அதாவது ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் அவசரமென்றால் விடிய விடிய. சனிக்கிழமை ராத்திரி சம்பளம் கைக்கு வரும்போது, கான்ட்ராக்டர் தன் பங்கை ஏற்கெனவே எடுத்திருப்பார். பையன் வாயைத் திறக்க மாட்டான். முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்தவர் ஆயிற்றே. நானும் அப்போது ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். என் பக்கத்தில் நின்று பிசிர் வெட்டிய பையன்களின் கதை முக்கால்வாசி இப்படித்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 'புதுப்பேட்டை'யின் முதல் ஒரு மணி நேரத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டுக்கு வருகிறான், அம்மாவை அப்பனே கொன்றுவிட்டது தெரிகிறது, தன்னையும் கொல்லப்போகிறான் என்று புரிகிறது, ஓடுகிறான். அதற்கப்புறம் வழக்கமான தமிழ்ப் படமாக இருந்தால் ஒரு சபதம் வந்திருக்கும். இங்கே சபதமெல்லாம் கிடையாது, பசிதான் வருகிறது. குமார் பிச்சை எடுக்கிறான். போலீஸ் பிடித்துப் போடுகிறது. உள்ளே அன்பு என்ற தாதாவின் ஆட்களைச் சந்திக்கிறான். வெளியே வந்ததும் அவர்களோடு போகிறான். அந்த இடத்தில் படம் அவனிடம் கொள்கை எதையும் கேட்பதில்லை. சோறு இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருக்கிறார்கள். அவனுக்கு அது போதும். அந்த வயதுப் பையன் யாராக இருந்தாலும் அது போதும்.

பிறகு வேலை. சரக்கு விற்பது, எடுபிடி, அடிதடிக்குக் கூட்டத்தில் ஒருவனாகப் போவது. மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள், இளையவன் கற்கிறான், தப்பு செய்தால் திட்டு. அன்புவாக நடித்த பாலா சிங் ஒரு தாதாவைப் போலவே இருக்க மாட்டார். ஆள் வைத்து வேலை வாங்குகிற, வாடகையையும் கணக்கையும் மனதில் ஓட்டிக்கொண்டே பேசுகிற ஒரு முதலாளியைப் போல இருப்பார். சத்தம் போடுவது குறைவு. 2019-இல் அவர் இறந்தபோது நிறையப் பேர் அவருடைய வேறு வேடங்களை நினைவுகூர்ந்தார்கள். எனக்கு அன்புதான் முதலில் நினைவுக்கு வந்தார். எங்கள் ஊரில் நான் பார்த்த ஒரு ஆளின் நடை, ஒரு ஆளின் பார்வை அவரிடம் இருந்தது. யாரென்று சொல்ல மாட்டேன்.

குமாரின் முதல் கொலை வீரத்தால் நடக்கவில்லை. எதிர்க் கும்பலிடம் மாட்டி அடி வாங்கி, உயிர் போய்விடும் என்ற நடுக்கத்தில் திருப்பி அடிக்கிறான். ஒருவன் செத்துவிடுகிறான், செத்தவன் அந்தக் கும்பலின் தலைவன் மூர்த்தியின் தம்பி. ஒல்லியான அந்த உடம்பு தப்பி வரும்போது அவனைப் பார்க்கிற கண்கள் எல்லாம் மாறிப்போகின்றன. நேற்றுவரை டீ வாங்கி வந்த பையனுக்கு இன்று நாற்காலி. அவன் முகத்தில் முதலில் தெரிவது குழப்பம்தான், பெருமை அப்புறம்தான் மெல்ல ஏறுகிறது. தனுஷுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த ஏற்றத்தை வசனமே இல்லாமல் முகத்தில் கொண்டுவந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் தேசிய விருது கிடைத்த வேடங்களைவிட இந்த வேடம்தான் எனக்கு மேல்.

இங்கே பாலகுமாரனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 'நாயகன்' படத்துக்கு வசனம் எழுதியவர் அவர், அது 1987. 'பாட்ஷா'வுக்கும் அவர்தான், 1995. 'புதுப்பேட்டை'க்கும் அவரே. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே எழுத்தாளரின் கையில் தமிழ் தாதா எப்படி மாறிவருகிறான் என்று தெரியும். வேலு நாயக்கர் ஊருக்கு நல்லது செய்கிறார், தப்புக்கான விலையைச் சொந்த வீட்டிலேயே கொடுக்கிறார். மாணிக்கம் நல்லவனாக இருப்பதற்காகவே தன் பழைய உருவத்தை மறைத்துக்கொள்கிறான். இருவருக்கும் பின்னால் ஜனம் நிற்கிறது. குமாருக்குப் பின்னால் யாருமே இல்லை. அவன் யாருக்கும் தண்ணீர்ப் பந்தல் வைக்கவில்லை, யார் மகளுக்கும் கல்யாணம் செய்துவைக்கவில்லை. (ஒரு கல்யாணத்துக்குப் போகிறான், அதைப் பற்றி இதோ எழுதப்போகிறேன்.) முதல் இரண்டு படங்களையும் எழுதிய அதே கை, அந்தப் பூமாலையையெல்லாம் தானே கழற்றி வைத்திருக்கிறது. படத்தில் 'நெருப்பு வாயினில்' பாடலைப் பாடியிருப்பது கமல் ஹாசன். வேலு நாயக்கராக நடித்தவரின் குரல் குமாரின் கதைக்குள் ஒலிக்கிறது. வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

திருந்தாத நாயகனைத் தமிழ்த் திரை அதற்கு முன்பு தொட்டுப் பார்க்காமல் இல்லை. எங்கள் கொங்கு மண்ணின் சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் 1953-இலேயே 'திரும்பிப்பார்' எடுத்தது. மு. கருணாநிதியின் வசனம், டி.ஆர். சுந்தரம் இயக்கம், சிவாஜி கணேசன் படம் முழுக்கப் பெண்களை ஏமாற்றுகிற ஆள். ஆனால் கடைசியில் அவனுக்கு உணர்வு வந்தாக வேண்டியிருந்தது, அந்தக் காலம் அவ்வளவுதான் அனுமதித்தது. அதே கம்பெனி அறுபதுகளில் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. குற்றம் என்கிற விஷயத்தைச் சேலத்துக்காரர்கள் நன்றாகவே விற்றார்கள். பிற்பாடு நம் பக்கத்தைத் திரையில் காட்டியதெல்லாம் வேறு மாதிரி. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, கோபிசெட்டிபாளையத்து வாய்க்கால், பெரிய வீட்டுத் திண்ணை, பஞ்சாயத்து. கோபிக்கு மினி கோடம்பாக்கம் என்றே பெயர் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஷிப்ட் முடிந்து பனியன் தூசி ஒட்டிய தலையோடு பேக்கரியில் நிற்கும் கொங்கு நாட்டுப் பையன் அந்தப் பச்சையில் எங்குமே இல்லை. சென்னைக் குடிசைப் பகுதியைக் காட்டிய 'புதுப்பேட்டை'யில்தான் அவனை நான் பார்த்தேன்.

இனி அந்தக் கல்யாணம். கூட்டாளியின் தங்கை செல்விக்கு (சோனியா அகர்வால்) திருமணம். குமார் இப்போது பெரிய ஆள், அதனால் தாலி எடுத்துக் கொடுக்கும் மரியாதை அவனுக்கு. மேடை, மாப்பிள்ளை, மேளம் எல்லாம் தயார். தாலியைக் கையில் வாங்கியவன் அதை மாப்பிள்ளையிடம் கொடுக்காமல் தானே கட்டிவிடுகிறான். அவன் விரும்பிய கிருஷ்ணவேணி (சினேகா) அவன் வாழ்க்கையில் இருக்கும்போதே இதைச் செய்கிறான். காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. பார்த்தான், ஆசைப்பட்டான், தடுக்க ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டான். அவ்வளவுதான்.

இந்தக் காட்சியைத்தான் அன்று நிறையப் பேர் பொறுக்க முடியாதது என்றார்கள். பொறுக்க முடியாததுதான். அதுவரை நாம் அவனோடு வந்திருக்கிறோம். அம்மா செத்ததைப் பார்த்தோம், அவன் பிச்சை எடுத்ததைப் பார்த்தோம், கிருஷ்ணவேணியை மீட்கப் போய் அன்புவிடம் அடிபட்டதைப் பார்த்தோம், அன்புவையே சாய்த்து அவர் இடத்தில் உட்கார்ந்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்துக்கெல்லாம் சேர்த்து மேடையில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. அதிகாரம் கிடைத்தால் இவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு இதுதான் பதில். வேறு இயக்குநராக இருந்தால் இந்த இடத்தில் அவனைக் காப்பாற்ற ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார். மாப்பிள்ளை கெட்டவன், பெண்ணுக்கு ரகசியமாக இவன்மேல் ஆசை, இப்படி ஏதாவது. செல்வராகவன் செய்யவில்லை. அண்ணன் முகத்தைக் காட்டுகிறார், பெண்ணின் முகத்தைக் காட்டுகிறார்.

எங்கள் காம்பவுண்டில் வயதான ஒரு அம்மா இருந்தார். காங்கேயம் பக்கம், பத்து வீட்டுக்கும் சேர்த்து வாடகை வசூல் செய்வார். டிவியில் இந்தப் படம் ஓடியபோது எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். தாலி கட்டியதும் எழுந்துவிட்டார். "என்ற கண்ணு, இந்தப் பையனோட ஆத்தா உசுரோட இருந்திருந்தா இவன் இப்படி ஆயிருப்பானா?" என்றார். அடுத்த நொடியே, "ஆத்தா இல்லாதவனெல்லாம் இப்படியா பண்றான், போடா" என்று திட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே நேர்மையான விமர்சனம் அதுதான். இரக்கம், கோபம் இரண்டில் எதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. படமும் அப்படித்தான் நிற்கிறது.

தொழில்நுட்பம் பற்றி எழுத எனக்குத் தகுதி குறைவு, ஆனாலும் ஒன்றிரண்டு. அரவிந்த் கிருஷ்ணாவின் ஒளிப்பதிவில் இரவுக்கு இருட்டைவிட நிறம்தான் அதிகம். மஞ்சளும் பச்சையும் சிவப்பும் முகத்தின்மேல் வந்து விழும். தொடக்கத்தில் தனிச்சிறை அறைக்குள் குமார் கத்திக்கொண்டிருக்கும்போதே அந்த வெளிச்சம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. யுவனின் பின்னணி இசையைப் பாங்காக்கின் சிம்பொனி இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்தார்கள். குடிசைச் சந்தில் ஓடும் பையனுக்கு இத்தனை வயலின் எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொருத்தமின்மைதான் பிடிக்கும். ஒரு அடியாளின் வாழ்க்கைக்கும் பெரிய இசை வேண்டும் என்று நினைத்த அந்த மனசு பெரியது. நா. முத்துக்குமாரின் 'ஒரு நாளில்' பாட்டை யுவனே பாடியிருக்கிறார். எங்கள் கம்பெனியில் இரவு ஷிப்டில் யாராவது செல்போனில் அதைப் போட்டால், ஓவர்லாக் மிஷின் சத்தத்துக்கு நடுவிலும் பேச்சு குறைந்துவிடும். முத்துக்குமார் 2016-இல் நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். அந்தப் பாட்டை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

சரி, குறைகள். இரண்டாம் பாதியில் அரசியல் பகுதி அவசரமாக ஓடுகிறது. கட்சிக்காரர் தமிழ்ச்செல்வனாக வரும் அழகம்பெருமாள் பிரமாதம், சிரித்துக்கொண்டே ஆளை எடைபோடுகிற கண்கள் அவருக்கு. ஆனால் அவருக்கும் குமாருக்கும் இடையே உறவு முறிகிற இடத்துக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்க வேண்டும். தெருவிலிருந்து கட்சி ஆபீஸ் வரைக்கும் ஒருவன் எப்படி நடந்து போகிறான் என்பதை முதல் பாதி அவ்வளவு பொறுமையாகக் காட்டியது, இரண்டாம் பாதி தாவுகிறது. செல்வியின் கதாபாத்திரத்துக்குக் கல்யாணத்துக்குப் பிறகு படத்தில் போதுமான இடம் இல்லை. சோனியா அகர்வாலின் மௌனம் நிறையச் சொல்லக்கூடியது, அதைப் பாதியில் விட்டுவிட்டார்கள். சினேகாவுக்குக் கிடைத்த அளவு எழுத்து அவருக்குக் கிடைக்கவில்லை. இதெல்லாம் நியாயமான குறைகள். 2006-இல் யாராவது இதை எழுதியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். "நல்லவன் யாருமே இல்லையே" என்ற புகாரைத்தான் ஏற்க முடியவில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். படம் கொண்டாடப்படுகிறது. ஓரமாக நிற்கும் அடியாட்களில் விஜய் சேதுபதியைத் தேடிப் பிடித்து வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். கோயில் நோம்பிக்கு வைக்கும் பிளெக்ஸில் குமார் கத்தியோடு நிற்கிறான், பைக் பின்னால் அவன் முகம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. எனக்கு இதிலும் சந்தோஷமில்லை. அன்று கைவிட்டவர்கள் அவனிடம் ஒரு நாயகனைத் தேடிக் கிடைக்காமல் ஏமாந்தார்கள், இன்று கொண்டாடுகிறவர்கள் அவனைக் கட்டாயமாக நாயகனாக்குகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் படம் தனியாக நிற்கிறது. குமார் கடைசியில் அரசியலில் மேலே போய்விடுகிறான், படம் அதைச் சொல்லி முடிகிறது. அது வெற்றி என்று கைதட்டுவதற்கு முன், போகிற வழியில் அவன் பெற்ற குழந்தையையே விட்டுவிட்டுப் போகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். அவன் அப்பனிடமிருந்து தப்பி ஓடியவன்தானே.

சென்ற மாதம் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பேக்கரியில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. பிரிண்டிங் யூனிட்டில் வேலை செய்யும் பையன், இருபது வயது இருக்கும், குமாரின் வசனங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாம் தெரிந்திருந்தது அவனுக்கு. "அந்தக் கல்யாண சீன்ல பொண்ணோட அண்ணன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். யோசித்தான். "அது ஞாபகம் இல்லீங்ணா. தாலி கட்டறது மட்டுந்தான் ஞாபகம் இருக்குது" என்றான். மறுபடியும் பார்க்கச் சொன்னேன், அதுவும் செல்போனில் துண்டு துண்டாக இல்லாமல், முதல் காட்சியிலிருந்து, அம்மா சாகிற இடத்தையும் பிச்சை எடுக்கிற இடத்தையும் ஓட்டிவிடாமல். ஞாயிற்றுக்கிழமை லீவில் அறையில் எல்லோரையும் உட்கார வைத்துப் பார்க்கிறேன் என்றான். பார்த்துவிட்டு போன் செய்தான். அறையில் இருந்த ஆறு பேரில் இரண்டு பேருக்குக் குமார்மேல் கடுமையான கோபம், ஒருவன் அழுதிருக்கிறான், மற்றவர்கள் இடைவேளைக்குப் பிறகு படம் இழுவை என்றார்களாம். "நீங்க என்னங்ணா சொல்றீங்க, அவன் செஞ்சது சரியா தப்பா?" என்று கேட்டான். தப்பு என்றேன். "அப்புறம் ஏன் அவனப் பாத்தா பாவமா இருக்குது?" என்றான். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், அவனுக்கு ஷிப்ட் மணி அடித்துவிட்டது.